பனிக்காலத்தை எண்ணும் மரம்

ஒரு பொருளின் பெயரைக் கேட்டமாத்திரத்தில் அதன் பிறந்தகத்தைச் சொல்லிவிடலாம் என்று கருதுவோர் உண்டு. அத்தகையோரை வழி தப்பச் செய்யும் பெயர்களுள் 'பீச்சு' என்பதும் ஒன்று. ரோமாபுரி மக்கள் இக்கனியைப் 'பாரசீக ஆப்பிள்' என்றனர். 'பெர்சிக்கா' என்னும் அவ்விலத்தீன் சொல்லே பிரெஞ்சு மொழியில் தேய்ந்து 'பேஷ்' எனவும், ஆங்கிலத்தில் மேலும் திரிந்து 'பீச்சு' எனவும் ஆயிற்று. தாவர நூலார் சூட்டிய பெயரிலும் பெர்சிக்கா நிலைத்துவிட்டது. இத்தனை மொழிகள் கூடிச் சான்று பகர்ந்தும், பாரசீகம் பீச்சின் தாயகம் அன்று. மேற்கே சென்ற கனி வழியில் தங்கிய ஊர் அது, அவ்வளவே.

தாயகம் சீனம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அல்போன்ஸ் டெ கண்டோல் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர், தாவரச் சான்றோடு மொழிச் சான்றையும் கொண்டு இதனை வலியுறுத்தினார். சொல்லாராய்ச்சி ஒரு பழத்தின் ஊரைக் கண்டறியவும் உதவிற்று என்பது மொழி பயில்வோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். அதன்பின் மண்ணும் சான்று கூறியது. யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில், செகியாங் மாநிலத்துப் பழங்குடியிருப்புகளில் கிடைத்த பீச்சுக் கொட்டைகளை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 7,500 ஆண்டுகளுக்கு முன்னரே அங்குள்ள மக்கள் நல்ல மரங்களைத் தெரிந்தெடுத்து வளர்க்கத் தொடங்கினர் என்று 2014-ல் எழுதினர். தென்மேற்குச் சீனத்தின் குன்மிங் நகரருகே அகப்பட்ட கல்லாய்ப்போன கொட்டைகளோ சுமார் 26 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை. மனிதன் அந்நிலத்தில் கால் வைக்குமுன்னரே பீச்சு அங்கே காய்த்துக்கொண்டிருந்தது.

இந்தியாவுக்கு இக்கனி வந்த வரலாறும் சுவையானது. ஏழாம் நூற்றாண்டில் பாரதம் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், கனிஷ்க மன்னன் காலத்தில் சீன எல்லையினின்றும் பிணையாக வந்தோர் பஞ்சாபில் ஓரிடத்தில் தங்கியிருந்ததாகவும், அவர்களே பீச்சையும் பேரிக்காயையும் அங்கே கொணர்ந்ததாகவும் குறித்துள்ளார். அதனால் பீச்சைச் 'சீனனி' என்றும், பேரியைச் 'சீனராஜபுத்திர' என்றும் அந்நாட்டார் வழங்கினராம். மேலைநாட்டார் தவறவிட்ட உண்மையை இவ்வடமொழிப் பெயர் தன்னுள்ளே அடக்கி வைத்திருந்தது.

நம் ஊர்களில் சீன நண்பர் இல்லத்து மூத்தோரின் பிறந்தநாள் விழாவுக்குச் சென்றோர், பீச்சுப் பழ வடிவில் செய்து இளஞ்சிவப்பு பூசிய மாவுப் பண்டத்தைக் கண்டிருப்பர். அக்கனி அவர்க்கு நெடுவாழ்வின் அடையாளம். தேவலோகத்துப் பீச்சுத் தோட்டத்தில் புகுந்து சாவாக் கனிகளைத் திருடித் தின்ற குரங்கரசன் கதையை நம் மாணவர்களும் அறிவர். சாவாமை தரும் என்று போற்றப்பட்ட இம்மரத்தின் உண்மையான ஆயுள் மிகக் குறுகியது என்பது வேடிக்கையே. வணிகத் தோட்டங்களில் மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கி, பதினைந்து ஆண்டளவில் ஓய்ந்துவிடும்.

அக்குறுகிய வாழ்விலும் இம்மரம் மறவாது செய்யும் செயல் ஒன்றுண்டு. அது பனிக்காலத்தை எண்ணுகிறது. அவ்வெண்ணிக்கை இன்று பல நாடுகளில் பொய்த்து வருகிறது. அதனால் ஒரு பெருவணிகம் எவ்வாறு தள்ளாடுகின்றது என்பதை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஜார்ஜியா மாநிலத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

உறங்கும் அரும்பு

பீச்சு, பிளம், ஆப்ரிகாட், செர்ரி ஆகியன நடுவில் கல்போன்ற ஒற்றைக் கொட்டையுடையவை. ஆங்கில வணிகர் இவற்றைக் 'கல்கனிகள்' எனும் பொருள்பட ஒரே பெயரால் வழங்குவர். மாங்கனியின் அமைப்பும் அத்தகையதே. எனினும் சந்தை வழக்கில் அது இவ்வினத்தில் சேராது. மேற்கூறிய நான்கும் புரூனஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை, குளிர்நாட்டு மரங்கள்.

நம் நாட்டு டுரியான் மரம் பூப்பதற்குச் சில வாரம் மழையற்ற வறட்சி வேண்டும் என்பதைத் தோட்டக்காரர் அறிவர். அம்மரத்துக்கு வறட்சி எவ்வாறோ, பீச்சுக்குக் குளிர் அவ்வாறு. இலையுதிர் காலத்தில் பகற்பொழுது சுருங்கியதும் அடுத்த ஆண்டின் பூவரும்புகளை மூடிக்கொண்டு மரம் உறங்கத் தொடங்குகிறது. இடையே ஒரு வாரம் வெயில் காய்ந்தால் உடனே விழித்துவிடாது. விழித்தால் அடுத்துவரும் பனியில் அரும்பெல்லாம் மடிந்துபோகும் அன்றோ? ஆதலின் குறிப்பிட்ட அளவு குளிரைப் பெற்று முடித்த பின்னரே, வெப்பத்தைக் கண்டு மலர அது இசையும். கதவுக்கு இரண்டு பூட்டு என்று கொள்ளலாம். முதற்பூட்டைக் குளிர் திறக்கும். இரண்டாவதை வெப்பம் திறக்கும். முறை மாறாது.

குளிர் போதாதாயின் மரம் இறந்துவிடுவதில்லை. அது குழப்பமடைகிறது. சில அரும்புகள் உதிரும். சில இன்று மலரும். சில மூன்று வாரம் கழித்து மலரும். இலை தாமதித்து வரும். பிடித்த சில காய்களும் உருவம் கோணிச் சிறுத்துவிடும்.

இக்குளிரை எண்ணும் முறையைச் செம்மைப்படுத்தியவருள் வைன்பெர்கர் என்னும் அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சியாளர் குறிப்பிடத்தக்கவர். பாரன்ஹீட் 45 பாகைக்குக் கீழே, அதாவது செல்சியஸ் அளவில் ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே, மரம் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு குளிர்மணியாகக் கணக்கிட்டு, எந்தப் பீச்சு வகைக்கு எத்தனை குளிர்மணி வேண்டும் என்று 1950-ல் அவர் பட்டியல் வெளியிட்டார். பிற்காலத்தார் இதனினும் நுட்பமான கணக்குகளைக் கண்டனர். குறிப்பாக இஸ்ரவேல் நாட்டு அறிஞர், பகல் வெப்பம் மிகுந்தால் முன்னாள் இரவு பெற்ற குளிரின் பயன் அழிந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்தனர். ஆயினும் தோட்டக்காரர் வாயில் இன்றும் வழங்குவது குளிர்மணிக் கணக்கே. வைன்பெர்கர் இவ்வாராய்ச்சியை நடத்திய ஊர் ஜார்ஜியாவின் ஃபோர்ட் வேலி. அவ்வூரின் பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

செவ்விந்தியர் தோப்புகள்

பீச்சை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றவர் பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியர். ஆனால் அதனை அக்கண்டத்தின் உள்நாடெங்கும் பரப்பியவர் அவரல்லர். அந்நாட்டுப் பழங்குடி மக்களே. ஜார்ஜியாவின் உட்பகுதியில் ஸ்பானியர் நிலைகொள்ளாத இடங்களிலும் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் பீச்சுக் கொட்டைகள் சென்று சேர்ந்திருந்தன என்பதை 2024-ல் வெளியான ஆய்வொன்று காட்டுகின்றது. கொட்டையை இட்டால் முளைக்கும், மூன்றாண்டில் காய்க்கும், காயவைத்தால் மாரிக்காலத்துக்கு உணவாகும் என்னும் மூன்று நலன்களும் அவர்களைக் கவர்ந்தன. பின்னர் வந்த ஆங்கிலக் குடியேறிகள் எங்கும் பீச்சு மரங்களைக் கண்டு, அஃது அந்நாட்டிலேயே தோன்றிய மரமோ என ஐயுற்றனர். பாரசீகத்தைத் தாயகமாக எண்ணிய ரோமரின் பிழை, கடல் கடந்து மீண்டும் ஒருமுறை நிகழ்ந்தது.

இம்மரங்களின் முடிவு துயரமானது. 1779-ல் விடுதலைப் போரின்போது ஜெனரல் சலிவனின் படை நியூயார்க் பகுதியில் இரோக்குவா மக்களின் ஊர்களை எரித்து, அவர்தம் பீச்சு, ஆப்பிள் தோப்புகளையும் வெட்டி வீழ்த்தியது. 1864-ல் தென்மேற்கே நவஹோ மக்களைப் பணியவைக்க வந்த படையினர் கான்யன் டி ஷே பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான பீச்சு மரங்களை அழித்தனர். பகைவர் நாட்டின் காவல்மரத்தை வெட்டிய பழந்தமிழ் வேந்தர் செய்தியைப் பாடம் சொல்லும் ஆசிரியர்க்கு இக்கொடுமையின் நோக்கம் விளங்காமற் போகாது. ஆனால் காவல்மரம் ஒரு சின்னம். இங்கே வெட்டுண்டது மக்களின் சோறு.

முந்தியவன் சந்தை

ஜார்ஜியாவின் வாழ்வு நெடுங்காலம் பருத்தியை நம்பியிருந்தது. பருத்தியோ அடிமைகளின் உழைப்பை நம்பியிருந்தது. பீச்சு அந்நாளில் பன்றிக்கு இடும் தீனியாகவும், வடித்துக் குடிக்கும் மதுவாகவும் பயன்பட்டதே மிகுதி. 1851-ல் கொலம்பஸ் நகரத்துத் தோட்ட உரிமையாளர் ரஃபேல் மோசஸ், ஷாம்பேன் மதுப்புட்டிகள் வரும் கூடைகளில் பீச்சை அடுக்கித் தொலைவிலுள்ள சந்தைகளுக்கு அனுப்பினார். தென்னாட்டுக்கு வெளியே பீச்சை வெற்றியுடன் விற்ற முதல்வர் என்று இவரைக் கூறுவர்.

1865-ல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது. பருத்தி விலை சரிந்தது. வேறு பயிர் தேடிய நிலக்கிழார் கண்களில் பீச்சு பட்டது. மார்ஷல்வில் ஊரினரான சாமுவேல் ரம்ஃப் என்பார் 1870-ஆம் ஆண்டளவில் நட்ட சீனப் பீச்சு விதையொன்று, 1875-ல் பொன்னிறச் சதையும் கெட்டித் தோலும் உடைய புதுவகைக் கனியை ஈந்தது. தம் மனைவியின் பெயரால் அதற்கு 'எல்பர்ட்டா' என்று பெயரிட்டார். நாவுக்கு அதைவிடச் சிறந்த பீச்சுகள் பல அந்நாளிலேயே இருந்தன. எனினும் புகைவண்டியில் நான்கு நாள் குலுங்கிச் சென்றாலும் நசுங்காத கனி எல்பர்ட்டா. வணிகத்தில் வென்றது அக்குணமே. பனிக்கட்டி இட்டுக் கனிகளை அனுப்பும் பெட்டிகளையும் ரம்ஃப் அமைத்தார். அதற்குத் தனியுரிமை கோரவில்லை.

இவ்விடத்தில் நிலவமைப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நியூயார்க், பாஸ்டன் போன்ற வடபுலப் பெருநகரங்களே பீச்சுக்குச் சந்தை. அவற்றின் அருகே நியூ ஜெர்சி, டெலவேர் ஆகிய இடங்களில் பழைய தோட்டங்கள் நிறைய இருந்தன. ஆயிரம் கல் தொலைவிலுள்ள ஜார்ஜியா அவற்றோடு போட்டியிட்டது எங்ஙனம்? விடை எளிது: முந்திக்கொண்டதனால். தெற்கே வேனில் முன்னதாக வரும். மே நடுவிலேயே கனி பழுக்கத் தொடங்கும். வடபுலத் தோட்டங்களில் காய் இன்னும் பச்சையாக இருக்கையில் ஜார்ஜியாவின் கனி அந்நகரங்களில் விலையாகிவிடும். முதற்கனிக்குக் கிடைக்கும் விலை இரண்டாங் கனிக்குக் கிடையாது என்பதைச் சந்தைக்குக் கீரை கொண்டு செல்லும் மூதாட்டியும் அறிவாள்.

ஆனால் முந்திப் பழுக்க வேண்டுமாயின் முந்திப் பூக்க வேண்டும். முந்திப் பூக்க வேண்டுமாயின் பனிக்காலம் குறுகிய ஊராக இருத்தல் வேண்டும். அதேவேளை, மரம் விழித்தெழப் போதிய குளிரும் வேண்டும். வடக்கே சென்றால் குளிர் மிகுதி, ஆதாயம் இல்லை. தெற்கே ஃபுளோரிடாவுக்குச் சென்றால் குளிர் போதாது, காயே இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய கோட்டின்மேல் நடு ஜார்ஜியா அமைந்திருந்தது. பீச்சு வணிகத்தின் செல்வமெல்லாம் அக்கோட்டிலிருந்து விளைந்ததே. பனிக்காலத்தைப் போதுமான அளவுக்குமேல் சிறிதும் பெறாத நிலம் என்பதே அதன் சிறப்பு. கணக்கில் மிச்சம் வையாது நடத்தும் கடையைப் போன்றது இது. இன்று அங்கு நேர்ந்துள்ள இடர்ப்பாட்டை வெப்பநிலை மாற்றத்தின் விளைவு என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது என்பது என் கருத்து. அவ்விடர்ப்பாட்டுக்கான இடம் 1875-லேயே தெரிந்தெடுக்கப்பட்டுவிட்டது.

வணிகம் வளர்ந்த விரைவு வியப்புக்குரியது. கனெக்டிகட் மாநிலத்தினின்றும் வந்த ஹேல் என்னும் பழவணிகர் ஃபோர்ட் வேலியருகே இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்களை வைத்துப் 'பீச்சு மன்னர்' என்று பெயர் பெற்றார். 1922 முதல் 1926 வரை அவ்வூரில் நடைபெற்ற பீச்சு மலர்விழாக்களுக்குப் பல்லாயிரவர் திரண்டனர். 1924-ல் 'பீச்சு மாவட்டம்' என்றே ஒரு புது மாவட்டம் பிரிக்கப்பட்டது. 1928-ல் விளைச்சல் ஏறத்தாழ 80 இலட்சம் புஷலை எட்டியது. அதுவே உச்சம், பின்னர் அவ்வளவு விளைந்ததில்லை.

மலர்விழாவில் முடிசூடிய அழகியரின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. கனி பறித்தவர் படம் அவ்வளவாக வரவில்லை. அவர்கள் பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகளின் மக்களும் பேரருமான கறுப்பினத்தார். பருத்திக்கு உழவும் களையெடுப்பும் முடிந்து, பஞ்சு வெடிக்குமுன் உள்ள ஓய்ந்த வாரங்களில் பீச்சு பழுத்தது. ஆதலின் அதே கைகளை அதே குறைந்த கூலிக்கு அங்கும் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. பருத்தியின் பிடியிலிருந்து விடுவிக்க வந்த பயிர் என்று பீச்சைப் பாராட்டியோர் பலர். ஆனால் பருத்தி இல்லாமல் பீச்சு இல்லை என்பதே அந்நாளைய நிலை. இன்று பறிப்பு வேலையைச் செய்வோர் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து பருவந்தோறும் ஒப்பந்தத்தில் வரும் தொழிலாளர். ஒப்பந்தம் என்ற சொல்லின் உட்பொருளை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. விளைச்சல் பொய்த்த ஆண்டில் அவர்க்கு அழைப்பு வாராது. வந்தாலும் வேலை நாட்கள் குறையும்.

கணக்குப் பிசகிய ஆண்டுகள்

ஜார்ஜியாவில் வழக்கமாக வளர்க்கப்படும் பீச்சு வகைகள் பலவற்றுக்கு 650 முதல் 850 வரை குளிர்மணி வேண்டும். சிலவற்றுக்கு அதனினும் மிகுதி. உலகம் வெப்பமுற்று வந்தபோதும் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெப்பம் ஏறவில்லை. சற்றுத் தணிந்தும் இருந்தது. 1970-க்குப் பின்னரே ஏற்றம் தெளிவாயிற்று. வைன்பெர்கர் பட்டியல் எழுதியதும், இன்றைய வகைகள் பலவற்றின் முன்னோர் தெரிந்தெடுக்கப்பட்டதும் அந்தக் குளிர்ந்த இடைக்காலத்தில் என்பதை மறத்தல் கூடாது. அப்போதிருந்த பனிக்காலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

2016-17 பனிக்காலம் மிதமிஞ்சி வெதுவெதுப்பாயிருந்தது. குளிர் மிகுதியாக வேண்டும் வகைகள் விழிக்கவே இல்லை. குளிர் குறைவாக வேண்டும் வகைகள் முன்னதாகவே மலர்ந்தன. மார்ச் நடுவில் வந்த உறைபனி அவற்றைத் தாக்கிற்று. அவ்வாண்டு மாநிலத்தின் பீச்சு விளைச்சலில் 80 விழுக்காடு அழிந்ததென மதிப்பிடப்பட்டது. 2023-ல் மீண்டும் அதே கதை: வெதுவெதுப்பான பனிக்காலம், முந்திய மலர்ச்சி, மார்ச் மாத உறைபனி. இழப்பு 90 விழுக்காட்டுக்கு மேல். நடுவண் அரசாங்கம் அதனை இயற்கைப் பேரிடராக அறிவித்தது. சாலையோரக் கடைகளில் ஜார்ஜியா பீச்சு தேடி வந்தோர்க்குக் கலிபோர்னியா பீச்சும் கிடைத்தது, வெறுங்கூடையும் கிடைத்தது.

உறைபனி பழைய பகைதானே, அதற்கும் வெப்பமுறும் உலகத்துக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். வினா நேர்மையானதே. மார்ச்சு மாதப் பனி முன்பும் வந்ததுண்டு. அது பெருகிவிட்டது என்று இங்கு நாம் கூறவில்லை. மாறியது பனியன்று, மரத்தின் நிலை. இறுக மூடிய அரும்பு கடுங்குளிரையும் தாங்கும். முழுதும் மலர்ந்த பூவோ பாரன்ஹீட் 27 பாகையில் பத்தில் ஒன்றை இழக்கும். 24 பாகையில் பத்தில் ஒன்பதை இழக்கும். மூன்றே பாகை வேறுபாட்டில், அரைமணி நேரத்தில், ஓராண்டு உழைப்பு கருகிவிடும். பத்து நாள் முன்னதாகப் பூக்கும் மரம், முன்பு தீங்கு செய்யாது கடந்துபோன பனியின் எதிரே மார்பைத் திறந்து நிற்கிறது.

தோட்டக்காரர் கைகட்டி இருக்கவில்லை. பெருவிசிறிகளைச் சுழற்றி மேலுள்ள வெப்பக் காற்றைக் கீழிறக்குவர். நீர் தெளித்துப் பூவின்மேல் பனிக்கட்டியைப் படியச் செய்வர். நீர் உறையும்போது வெளியிடும் வெப்பம் பூவைக் காக்கும் என்பது இயற்பியல். உறக்கத்தைக் கலைக்க மருந்து தெளிப்பதும் உண்டு. நிலையான பரிகாரம் மட்டும் குறைந்த குளிரில் பூக்கும் புதுவகைகளே என்று பலர் கருதினர். இதில் முன்னோடி ஃபுளோரிடா பல்கலைக்கழகம். 1952-ல் ரால்ஃப் ஷார்ப் அங்குத் தொடங்கிய முயற்சியில், தென்சீனத்து வெப்பப் பகுதிகளினின்றும் ஒக்கினாவாத் தீவினின்றும் வந்த பீச்சுகளின் வழிவந்த மரங்களை அமெரிக்க வகைகளோடு கலந்தனர். பழைய தாயகத்திடமே மீண்டும் கையேந்த நேர்ந்தது. ஃபுளோரிடாவில் இன்று வணிக அளவில் பீச்சு விளைவது அதன் பயனே.

ஜார்ஜியாவுக்கோ இம்மருந்து அரைமருந்து. குறைந்த குளிரில் நிறைவடையும் மரம், நல்ல குளிர் வாய்த்த ஆண்டில் ஜனவரியிலேயே தன் கணக்கை முடித்துக்கொண்டு, முதல் வெயிலைக் கண்டதும் மலர்ந்துவிடும். பிப்ரவரி, மார்ச் பனிகள் அதனைச் சூறையாடும். மிகுந்த குளிர் வேண்டும் மரமோ வெதுவெதுப்பான ஆண்டில் பூக்காது. பதினைந்து ஆண்டு வாழப்போகும் மரத்தை நடுபவன், வரவிருக்கும் பதினைந்து பனிக்காலங்களின்மேல் பந்தயம் கட்டுகிறான். குளிர் குறைவாக வேண்டும், பூப்பதோ தாமதமாக வேண்டும் என்னும் இரண்டு குணமும் ஒருங்கே அமைந்த மரமே அவனுக்குத் தேவை. அதற்கு முதற்பூட்டு எளிதாகவும் இரண்டாம் பூட்டு கடினமாகவும் இருத்தல் வேண்டும். பயிர் ஆராய்ச்சியாளர் தேடுவது அதனையே. இரண்டு குணங்களும் வெவ்வேறு மரங்களில் உள்ளன. அவற்றை ஒரே மரத்தில் கூட்டி, கனியின் அளவும் சுவையும் கெடாமல் நிலைநிறுத்தப் பல தலைமுறைக் கலப்பு வேண்டும்.

ஏனைய நாடுகள்

இது ஜார்ஜியாவின் தனித்துயர் அன்று. அமெரிக்கப் பீச்சில் பாதிக்கும் மேற்பட்டதை விளைவிக்கும் கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில், பனிக்கால மூடுபனி நாட்கள் 1981-க்குப் பிந்திய முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மூடுபனி மரத்துக்குக் குடை போன்றது. குடை அகன்றால் வெயில் நேரே படுவதால் அரும்பின் வெப்பம் காற்றின் வெப்பத்தையும் விஞ்சும்; கருவி காட்டும் குளிர் அரும்புக்குக் கிட்டாது. 2014-ல் அங்குச் செர்ரி விளைச்சல் பெரிதும் குன்றியதற்கு முந்திய வெதுவெதுப்பான பனிக்காலமே தலையாய காரணம்.

துருக்கியின் மாலத்தியா மாநிலம் உலகச் சந்தையில் உலர்ந்த ஆப்ரிகாட்டின் பெரும்பங்கை அளிப்பது. அக்கனியின் பெயரும் ஆராயத்தக்கது. 'முந்திப் பழுப்பது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் கிரேக்கத்தில் புகுந்து, அரபியில் 'அல் பர்க்கூக்' ஆகி, ஸ்பெயின் வழியே ஐரோப்பாவுக்குத் திரும்பி 'ஆப்ரிகாட்' ஆயிற்று. முந்துதலே அதன் பெயர். முந்துதலே அதன் கேடு. 2014 மார்ச் இறுதியிலும், 2025 ஏப்ரலிலும் மலர்ந்தும் காய் பிடித்தும் நின்ற மாலத்தியாத் தோப்புகளை உறைபனி வாட்டியது. உலர்கனி ஆண்டு முழுதும் விற்கும் பொருளாதலின், ஒரே இரவின் பனி பல நாட்டுக் கடைகளின் விலைச்சீட்டில் தெரிந்தது.

இம்மரங்களின் நாட்காட்டி மாறிவருவதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் வரலாற்று ஏடு ஜப்பானில் உள்ளது. கியோட்டோ நகரத்து அரசவையினரும் துறவியரும் செர்ரி மலர்விழா நாட்களைத் தம் நாட்குறிப்புகளில் எழுதி வைத்தனர். அவற்றைத் தேடித் தொகுத்தவர் யசுயுக்கி அவோனோ என்னும் பேராசிரியர். ஒன்பதாம் நூற்றாண்டு முதல் செல்லும் அத்தொகுப்பு, ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கால மலர்ச்சியைக் காட்டுகின்றது. அது கனிக்காக வளர்க்கும் செர்ரி அன்று, மலருக்காகப் போற்றும் அதன் உறவினம். எனினும் அதே புரூனஸ் குடும்பம். பல நூற்றாண்டாக ஏப்ரல் நடுப்பகுதியைச் சுற்றியே அமைந்திருந்த முழுமலர்ச்சி, கடந்த நூறு ஆண்டில் விரைந்து முன்னேறி, 2021-ல் மார்ச் 26-ஆம் நாளை எட்டியது. அதற்கு முன் மிக முந்தியதெனக் குறிக்கப்பட்டிருந்தது 1409-ஆம் ஆண்டு மார்ச் 27. விழாக் கொண்டாடிப் பாட்டெழுதியோர், தாம் வானிலை ஆய்வுக்குச் சான்று சேர்ப்பதாக நினைத்திருக்க மாட்டார்கள். நகரம் பெருத்ததால் ஏறிய வெப்பமும் இதில் ஒரு பங்கு என்பதை ஆய்வாளரே ஒப்புகின்றனர். அதைக் கழித்த பின்னும் மாற்றம் எஞ்சி நிற்கிறது.

மீண்டும் ஜார்ஜியாவுக்கு வருவோம். 2024-ல் அங்குப் பீச்சு நன்கு விளைந்தது, கடைகள் நிறைந்தன. மாநிலத்துக்குப் 'பீச்சு மாநிலம்' என்ற பெயரும், வண்டிகளின் எண் பலகையில் பீச்சுப் படமும் மாறாது விளங்குகின்றன. விளைச்சலில் கலிபோர்னியாவும் தென் கரோலினாவும் அதனை முந்திப் பல்லாண்டாயின. மாநிலத்துக்குள்ளேயே புளூபெர்ரி என்னும் சிறுகனி பீச்சைவிட மிகுந்த வருவாய் தருகின்றது. ஃபோர்ட் வேலிப் பகுதித் தோட்டக்காரர் இப்போது ஒரே வகையை நம்பாமல், குளிர்த்தேவை வேறுபட்ட பல வகைகளைக் கலந்து நடுகின்றனர். ஒன்று தவறினும் ஒன்று நிற்கும் என்பது நோக்கம். மாநிலத்தின் தென்கோடியிலோ, 2013-ஐ ஒட்டிய ஆண்டுகள் முதல் சட்சுமா என்னும் ஆரஞ்சு வகையைப் பயிரிடத் தொடங்கினர். ஃபுளோரிடாவில் நோயால் ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்ததும் அதற்கு ஒரு காரணம். சில ஏக்கரில் தொடங்கியது பத்தாண்டுக்குள் ஆயிரக்கணக்கான ஏக்கராகப் பரவியது. பூப்பதற்குப் பீச்சு எண்ணும் நூற்றுக்கணக்கான குளிர்மணிகள் அந்த ஆரஞ்சு மரத்துக்கு வேண்டியதில்லை.